முப்பத்தொரு குச்சி

பங்குனி மாதத்தில் ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டி ஊர் திரும்பினால் எழவு என்று அர்த்தம். வெள்ளைக்கரட்டூரில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குக்கூட இது தெரியும். கிணறு வற்றிக் காடு காய்கிற காலத்தில்தான் சத்தீஸ்கரிலும் ஒடிசாவிலும் போர் போட ஆள் தேடுவார்கள். அந்த நேரத்தில் எந்தக் கிறுக்கன் வண்டியைத் திருப்பிக்கொண்டு வருவான்? அப்பன் செத்தால் வருவான், ஆத்தாள் செத்தால் வருவான். மற்றபடி மழை பிடித்த பிறகுதான் வண்டியும் ஆளும் ஊரைப் பார்ப்பது.

அன்று காலை பத்து மணிக்குள் நான்கு வண்டிகள் வந்துவிட்டன. ஊரில் யாரும் சாகவில்லை.

சுகாதார நிலையத்தின் ஜன்னலுக்குப் பின்னால் நின்று பொற்கொடி எண்ணிக்கொண்டிருந்தாள். பதினாறு வருஷமாக இந்த ஊருக்கு அவள்தான் நர்ஸ். ஐந்தாவது வண்டியின் முகப்பில் 'பொன்காளியம்மன் துணை' என்று மஞ்சள் எழுத்தில் இருந்தது. அவள் புருஷன் குணசேகரன் மேனேஜராக இருக்கிற வண்டி. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

வண்டிகள் ஏன் வருகின்றன என்று அவளுக்குத் தெரியும். ஆயிரம் மைலுக்கு அப்பால் கல்லைத் துளைத்துக்கொண்டிருந்த முப்பத்தொரு புருஷன்மார்களின் போனுக்கும் முந்தாநாள் ஒரே செய்தி போயிருந்தது. 'தங்கள் மனைவிக்குக் கருப்பை வாய் வைரஸ் உள்ளது. வைரஸின் வயது: 11 ஆண்டு, 4 மாதம்.' முப்பத்தொரு பேருக்கும் அதே ஆண்டு, அதே மாதம்.

எல்லாம் ஒரு குச்சியில் தொடங்கிய வினை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் டவுன் பெரியாஸ்பத்திரியில் நர்சுகளுக்குப் பயிற்சி வைத்தார்கள். டாக்டர் எழிலரசி ஒரு பஞ்சு முனைக் குச்சியைத் தூக்கிக் காட்டினார். பெண்கள் வீட்டிலேயே, யாரும் பார்க்காமல், தாங்களே உள்ளே விட்டு ஐந்து சுற்றுச் சுற்றிக் குப்பியில் போட்டுக் கொடுத்தால் போதும். வைரஸ் இருக்கிறதா என்று மெஷின் பார்த்துவிடும்.

"இது நமக்குப் புதுசு இல்ல," என்றார் டாக்டர். "இருக்கு, இல்லங்கறத பழைய மெஷினே சொல்லுச்சு. ஆனா இருக்குன்னு வந்த பத்துல ஒன்பது பேருக்கு அது ஒண்ணு ரெண்டு வருஷத்துல தானாப் போயிடும். போகாமத் தங்கறதுதான் புற்றுநோய் ஆகுது. எது போகும், எது தங்கும்னு தெரியாம எல்லாரையும் பயமுறுத்திட்டிருந்தோம். இந்த மெஷின் வைரஸோட வயசைச் சொல்லிடும். உடம்புக்குள்ள இருக்க இருக்க அதோட மரபணு எழுத்து கொஞ்சம் கொஞ்சமா மாறும். மரத்துல வளையம் எண்ணற மாதிரி எண்ணிடலாம். ரெண்டு வருஷம்னா விட்டுடலாம். பத்து வருஷம்னா உடனே ஆபரேஷன் டேபிள்ல ஏத்தணும்."

"மாசம் எதுக்குங்க மேடம் போட்டிருக்கு?" என்று பொற்கொடி கேட்டாள்.

"வருஷம்தான்மா வைத்தியத்துக்கு. மாசம் எதுக்குன்னு எனக்கே தெரியல. மெஷின் குடுக்குது, அனுப்பிட்டிருக்கோம்."

பின் வரிசையில் ஓய்வு பெறப்போகிற ஒரு நர்ஸ், "மெஷினுக்குக் கல்யாணத் தேதி தெரியுமா மேடம்?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். பொற்கொடியும்தான் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு அடங்க ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சோதனை முடிவு குடும்ப அட்டையில் இருக்கிற போன் நம்பருக்குப் போகும். அட்டையில் யார் நம்பர் இருக்கும் என்று கேட்க வேண்டியதில்லை. பெண்களிடம் போன் இல்லாமல் இல்லை. நாளெல்லாம் கையில்தான் இருக்கிறது. ஆனால் சர்க்கார் காரியம் என்றால், ஓடிபி வந்தால் வீட்டுக்காரர் பார்த்துச் சொல்வார் என்று அவர் நம்பரைக் கொடுத்தே பழகிவிட்டது. கொடுத்தவர்களும் இவர்கள்தான். யாரைக் குறை சொல்ல?

முதலில் அடிபட்டவள் சௌந்தரி. அவளுக்கு மூன்று ஆண்டு, இரண்டு மாதம் என்று வந்தது. புருஷன் ஒடிசாவில் லாரிக்கு அடியில் படுத்தபடி விரல் விட்டு எண்ணினான். அந்த மாதம் அவன் ஊரில் இல்லை. அவ்வளவுதான், போனிலேயே கதை முடிந்தது. பெண்ணையும் கைக்குழந்தையையும் மாமியார் வாசலில் நிறுத்திக் கதவைச் சாத்தினாள். இப்போது ஏதோ மில் ஹாஸ்டலில் இருக்கிறாள் என்று கேள்வி. வைரஸை அவனே கொண்டுவந்து கொடுத்திருக்கலாம், உள்ளே போய்ப் பிடித்து நிற்க ஒரு மாதம் முன்னே பின்னே ஆகும் என்று பொற்கொடி வீடு வீடாகப் போய்ச் சொல்லிப் பார்த்தாள். கேட்க ஆளில்லை. ஆம்பிளைக்குக் குச்சி கிடையாது. சேலை முள்ளில் விழுந்தாலும் முள் சேலையில் விழுந்தாலும் கிழிவது சேலைதான் என்று சும்மாவா சொன்னார்கள்?

அதற்குப் பிறகு குச்சியைக் கண்டாலே பெண்கள் பாம்பைக் கண்டதுபோல் ஒதுங்கினார்கள். மேலே இருந்து தினமும் போன். "உன் ஊர்ல மட்டும் முப்பத்தொரு குச்சி பாக்கி, என்ன பண்ணிட்டிருக்க?" பொற்கொடி பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக அலைந்தாள். கதவுகள் சாத்திக்கொண்டன.

அப்போதுதான் நாச்சாயி அவளைக் கூப்பிட்டாள்.

நாச்சாயிக்கு ஐம்பத்தொரு வயது. புருஷன் ராசு ரிக் வண்டியில் டிரில்லராக இருந்து ஒன்பது வருஷத்துக்கு முன் செத்துப்போனவன். பிள்ளைகுட்டி இல்லை. மாவு அரைத்துப் போட்டுப் பிழைக்கிறாள். ஊரில் பாதி வீட்டு இட்லி அவள் கிரைண்டரில்தான் பிறக்கிறது. குடும்ப அட்டையில் சொந்த நம்பர் வைத்திருக்கிற பெண் அந்த ஊரிலேயே அவள் ஒருத்திதான். வைக்க வேறு ஆள் இல்லாததால். முதல் வருஷமே குச்சி கொடுத்து, ஒன்றும் இல்லை என்று செய்தி வாங்கியவள். இனி ஐந்து வருஷத்துக்கு அவளுக்கு அழைப்பு இல்லை.

"அம்மிணி, அந்தக் குச்சியெல்லாம் எங்கிட்டக் குடுத்துருங்க," என்றாள், கிரைண்டரைக் கழுவிக்கொண்டே.

"எதுக்குங்கக்கா?"

"எனக்குத்தான் ஒண்ணுமில்லன்னு வந்துருச்சில்ல. ஒரு நாளைக்கு அஞ்சு குச்சின்னா ஒரு வாரத்துல முடிச்சுப்போடலாம். எல்லாளுக்கும் ஒண்ணுமில்லன்னு வரட்டும். உங்களுக்கும் பேச்சு கேக்க வேண்டியதில்ல, அவளுகளுக்கும் பொழப்பு நிக்கும்."

"அது தப்புங்கக்கா. யாருக்காச்சும் நெசமாவே இருந்துச்சுன்னா?"

"இருந்தா வவுத்துல நோவு வரும், ஆஸ்பத்திரிக்குப் போவாங்க. இது வந்தா வீட்டவிட்டே போகோணுமே."

பொற்கொடி மூன்று நாள் யோசித்தாள். யோசித்தது எல்லாம் ஒரு சமாதானத்துக்குத்தான். முதல் நாளே மனசு ஒப்புக்கொண்டுவிட்டது. மாவு வாங்க வருகிற தூக்குப் போசியில் போட்டுப் பெண்கள் குச்சியைக் கொண்டுவந்தார்கள். நாச்சாயி உள்ளே போய்த் திரும்பி வந்து, அதே போசியில் மாவை ஊற்றி, குப்பியைத் தனியாகப் பையில் சுற்றிக் கொடுத்தாள். முப்பதாவது குப்பியில் பெயர் ஒட்டியபின் பொற்கொடி தன் குச்சியையும் எடுத்து நீட்டினாள்.

நாச்சாயி அவளை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களுமா?"

"எல்லாரோடயும் போகட்டுங்கக்கா."

பொற்கொடி ஒரு தப்பும் செய்தவள் இல்லை. ஆனால் வருஷத்தில் ஒன்பது மாதம் வெளியே கிடக்கிற மனுஷனைப் பற்றி அவள் என்ன கண்டாள்? ஏதாவது ஒரு மாதம் என்று வந்து தொலைத்தால் அது யார் தலையில் விடியும்? ஊருக்கெல்லாம் தைரியம் சொன்ன வாய், தன் முறை வந்தபோது மூடிக்கொண்டது.

பதினைந்து நாள் கழித்து டாக்டர் எழிலரசி கூப்பிட்டார். குரலே சரியில்லை.

"பொற்கொடி, உங்க ஊர்ல என்னம்மா நடக்குது? முப்பத்தொரு பேருக்கும் இருக்கு. ஒரே எழுத்து, ஒரே வயசு. ஒரே ஆள்கிட்ட இருந்து, ஒரே மாசத்துல, முப்பத்தொரு பொம்பளைங்களுக்கு வந்திருக்குன்னு மெஷின் சொல்லுது. நான் பாக்கறதுக்குள்ள வீட்டுக்கெல்லாம் செய்தி போயிடுச்சு."

பொற்கொடிக்கு நாச்சாயியின் பழைய முடிவு ஞாபகம் வந்தது. "ஒண்ணுமில்லன்னு ஏற்கனவே வந்தவங்களுக்கு மறுபடி வருமா மேடம்?" என்று மட்டும் கேட்டாள்.

"வரும். சில பேருக்கு வருஷக்கணக்கா தூங்கிட்டிருக்கும், குச்சிக்குத் தட்டுப்படாது. வயசாகி உடம்பு தளர்ந்தா முழிச்சுக்கும். வயசு மட்டும் பழைய வயசுதான் காட்டும். ஏன் கேக்கற?"

"சும்மாதான் மேடம்."

அவள் ஓடியது நாச்சாயி வீட்டுக்குத்தான். நாச்சாயி எல்லாவற்றையும் கேட்டாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ராசு உயிரோடு இருந்தான்.

"அந்த மனுசன் செத்தும் போகல பாருங்க," என்றாள். பிறகு குரலை இறக்கினாள். "அம்மிணி, நானே கேக்கோணும்னு இருந்தேன். ரெண்டு மாசமா தீட்டு படுது. நின்னு ஆறு வருசமாச்சு. இதென்ன திரும்பியும்னு நெனச்சுக்கிட்டேன்."

நின்றுபோன பிறகு இரத்தம் படுவது எதற்கு அடையாளம் என்று சுவரில் படம் ஒட்டி ஊருக்கே சொல்லிக்கொடுத்தவள் பொற்கொடி. முப்பத்தொரு பேருக்குப் பெரியாஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தாகிவிட்டது. நோய் உள்ளே உட்கார்ந்திருக்கிற ஒருத்திக்கு மட்டும் அழைப்பில்லை. இப்போது அவள் பெயரில் ஒரு குச்சி போட்டால் அதே எழுத்து, அதே வயது முப்பத்திரண்டாவதாக வரும். தூங்கிக் கிடந்ததா இல்லையா என்று நோண்டுவார்கள். மாவுப் போசி வரைக்கும் வந்துவிடுவார்கள். மறுபடி முப்பத்தொரு பேருக்கும் உண்மையான குச்சி, உண்மையான மாதம். குச்சி முடிவு இல்லாமல் எந்த ஆஸ்பத்திரியிலும் இந்த ஆபரேஷனுக்குக் கத்தி வைக்க மாட்டார்கள், சட்டம் அப்படி.

"நான் போயி சொல்லிப்போடறேன்," என்றாள் நாச்சாயி.

"வேணாங்கக்கா. வண்டியெல்லாம் வரட்டும், ஆறட்டும். ஒரு வழி பாக்கறேன்."

வழி எங்கே இருக்கிறது என்று அவளுக்கே தெரியாது.

குணசேகரன் வந்தவன் குளித்தான், சாப்பிட்டான். பொற்கொடிக்கு அதுதான் பயமாக இருந்தது. சத்தம் போடுகிற மனுஷன் பேசாமல் சாப்பிட்டால் இலைக்கு முன்னால் நிற்கவே முடியவில்லை. கை கழுவிவிட்டு வந்து போனை அவள் முன் வைத்தான்.

"பதினோரு வருசம், நாலு மாசம். நீ எங்க இருந்த?"

"இந்த ஊர்லதான்."

"கார்த்திகை மாசம் வருது. நம்ம கோயில் கும்பாபிசேகம். வண்டி அத்தனையும் வெளிய. நீ மட்டும் கோயில்ல மருந்துப் பெட்டிய வெச்சுக்கிட்டு மூணு நாள் உக்காந்திருந்த."

"ஊரே உக்காந்திருந்துச்சு."

"ஊரேதான் வாங்கியிருக்குதே," என்றான். "எவன்னு சொல்லு. உன்னய ஒண்ணும் பண்ணல. அவனச் சொல்லு."

அவள் எச்சில் இலையை எடுத்து மடித்தாள். உண்மையைச் சொன்னால் முப்பது வீடு போகும். சொல்லாவிட்டால் நாச்சாயி போவாள். குணசேகரன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் அன்று அதே கணக்குத்தான் நடந்தது. எந்த வீட்டிலும் சத்தம் கேட்கவில்லை. குழந்தைகள்கூட அழவில்லை.

மறுநாள் மத்தியானத்துக்குள் வண்டி நிறுத்துகிற மைதானத்தில் ஆம்பிளைகள் கூடி ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கும்பாபிஷேகத்துக்கு வெளியாள் யார் யார் வந்தது? ஐயர்கள் வந்தார்கள், அவர்களைத் தொட முடியாது. சமையல்காரர் செத்துப்போனார். மீதி மைக் செட் அப்பாவு. பக்கத்து ஊர்க்காரர், அறுபதைத் தாண்டியவர். மூன்று நாளும் கோயிலில் படுத்து ஒயர் இழுத்தவர். வாசலில் கட்டில் போட்டுப் படுத்திருந்த மனுஷனை இழுத்துப் போட்டு அடித்தார்கள். இரண்டு விலா எலும்பு. "எதுக்குடா அடிக்கறீங்க?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தாராம். கேவலம் போனில் வந்ததை ஒருவனாலும் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை.

அதே வாரத்தில் பெண்கள் வேனில் ஏறிப் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சோதனைக்குப் படுத்தார்கள். பொற்கொடி மட்டும் வேலை இருக்கிறது என்று சொல்லி நின்றுவிட்டாள். நாலாம் நாள் டாக்டர் வரச் சொன்னார். அறைக் கதவைத் தாழிட்டார்.

"முப்பது பேரையும் கேமரா வெச்சுப் பாத்துட்டேன். பதினோரு வருஷ வைரஸ் இருந்த இடம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். ஒருத்திக்குக்கூட அப்படி இல்ல. ரெண்டு பேருக்குச் சின்னப் புண்ணு, அதுக்கு மருந்து குடுத்துட்டேன். முப்பத்தொரு குச்சி, ஒரே ஒரு உடம்பு. முப்பத்தொண்ணாவது பேரு உன்னுது. நீ மட்டும் வரல. எல்லாக் குச்சியும் நீ குடுத்ததுதான?"

பொற்கொடி அழுதுவிட்டாள். இத்தனை நாளாக அடக்கிவைத்தது. எல்லாவற்றையும் சொன்னாள், சௌந்தரி, மாவுப் போசி, இரத்தம் படுவது, எல்லாம். டாக்டர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நீ செஞ்சது எவ்வளவு பெரிய தப்புன்னு தெரியுமா?"

"தெரியுங்க மேடம்."

"அந்த அம்மாவ இன்னும் ரெண்டு மாசம் விட்டா என் கைல இல்ல. தெரியுமா?"

"தெரியுங்க."

டாக்டர் ஜன்னல் பக்கம் போய் நின்றார். திரும்பாமலே பேசினார். "நீ இப்ப சொன்னது எதுவும் என் காதுல விழல. வெள்ளிக்கிழமை காலைல பொற்கொடிங்கற பேருக்கு ஆபரேஷன் போட்டிருக்கேன். குச்சி முடிவு இருக்கு, எழுத்தும் உள்ள இருக்கறதோட ஒத்துப்போகும். சேர்க்கற இடத்துல உன் விரல் ரேகைய வெச்சுட்டு வா. டேபிள்ல யாரு படுத்தாலும் முகத்துக்கு நாங்க துணி போட்டுடுவோம். புருஷன் கையெழுத்து வேணும், அவர் போனுக்கு ஓடிபி வரும். அத நீதான் பாத்துக்கணும்."

பொற்கொடி கும்பிட்டாள். டாக்டர் அதைப் பார்க்கவில்லை.

"இன்னொண்ணு," என்றார். "மேல இருந்து உத்தரவு வந்திருக்கு. வைரஸ பரப்பின ஆளக் கண்டுபிடிக்கணுமாம். உங்க ஊர் ஆம்பளைங்க எல்லாருக்கும் குச்சி. முடிவு பொண்டாட்டி போனுக்குப் போகும். நீயே போய்ச் சொல்லிடு."

மைதானத்தில் நாற்பது ஐம்பது பேர் நின்றிருந்தார்கள். மைக் செட் அப்பாவுவின் இரத்தம் இவர்களில் யார் சட்டையில் பட்டதோ என்று பார்த்துக்கொண்டே பொற்கொடி போனாள். உத்தரவைப் படித்தாள். எல்லா ஆம்பிளைக்கும் குச்சி, வருஷமும் மாதமும் வரும், வீட்டுக்காரிக்குச் செய்தி போகும்.

ஒருத்தன் இருமினான். ஒருத்தன் டயரை உதைத்துப் பார்த்தான். எவன் என்று கேட்டுக் கத்திக்கொண்டிருந்த வாய்களில் ஒன்றுகூடத் திறக்கவில்லை. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? மறுநாள் விடிவதற்குள் ஒன்பது வண்டிகள் கிளம்பிப்போயிருந்தன. சீசன் போகிறதாம்.

குணசேகரன் மட்டும் போகவில்லை. வியாழக்கிழமை காலை அவள் வாசல் கூட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றான். பல வருஷம் கழித்து அவன் குரல் தணிந்து வந்தது.

"கொடி, எல்லாரும் எங்கிட்டக் கேக்கச் சொன்னாங்க. உனக்கு நாலு பேரத் தெரியும். சுத்தமான ஆளு ஒருத்தன்... எல்லாருக்கும் சேத்து குச்சி குடுக்கற மாதிரி, எங்கயாச்சும் கெடைப்பானா?"

பொற்கொடி கையில் விளக்குமாறோடு அப்படியே நின்றாள். முதலில் சிரிப்புத்தான் வந்தது. அடுத்த மூச்சிலேயே சிரிப்பு செத்துப்போனது. சுத்தமான ஆளைத் தேடுகிறவன் தான் சுத்தமில்லை என்று சொல்லிவிட்டான். எத்தனை வருஷமாக? அவளுடைய குச்சி இதுவரை அவள் உடம்பைத் தொட்டதே இல்லை.

"பாக்கலாம்," என்றாள். "நாளைக்கு ஆஸ்பத்திரியில என் பேருல ஒரு ஆபரேசன் இருக்குது. கையெழுத்து போட்டு, வர்ற நம்பரச் சொல்லோணும். உள்ள யாரு, எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்கக்கூடாது."

அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை பொற்கொடி விரலை வைத்தாள், குணசேகரன் ஆறு எண்களை வாசித்தான், நாச்சாயி படுத்தாள். ஆபரேஷன் மூன்று மணி நேரம். வெளியே வந்து டாக்டர், "சரியான நேரத்துக்கு வந்துட்டாங்க," என்று மட்டும் சொன்னார். குணசேகரன் யார் என்று கடைசிவரை கேட்கவில்லை. அவனுக்குத் தெரிந்திருக்கும். மாவு வாசனை பிடிபடாத ஆள் அந்த ஊரில் கிடையாது.

அந்த மாதக் கடைசியில் ரிக் சங்கத்துக்காரர்கள் மேலே போய் மனுக் கொடுத்தார்கள். மெஷின் பழுது, ஊர் மானம் போகிறது என்று எழுதியிருந்தார்கள். மனு பலித்தது. அந்த முப்பத்தொரு குச்சி போன பெட்டி மட்டும் ஆய்வுக்கூடப் பிழை என்று கோப்பை மூடினார்கள். ஆம்பிளைகளுக்கான உத்தரவு நின்றுபோனது. பெண்களுக்கான குச்சி நிற்கவில்லை. அடுத்த வருஷம் மறுபடி வரும், மாதத்தோடு. குணசேகரன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். சுத்தமான ஆளைப் பற்றிப் பிறகு யாரும் பேசவில்லை.

பொற்கொடி ஒரு நாள் கம்ப்யூட்டரில் தன் பெயரைத் தட்டிப் பார்த்தாள். 'கருப்பை நீக்கப்பட்டது. இனி சோதனை தேவையில்லை.' அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. ஊருக்கெல்லாம் அழைப்பு கொண்டுபோய்க் கொடுக்கிறவளுக்கு இனி சாகிறவரைக்கும் ஒரு அழைப்பு வராது. உள்ளே எது வளர்ந்தாலும் எந்த மெஷினும் அவளைத் தேடாது. அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

நாச்சாயிதான் வழி சொன்னாள். தையல் புண் ஆறி, ஸ்டூலில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுப் பெண்ணை வைத்து மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். "எம்பேருல கருப்பை இன்னும் இருக்குதில்ல அம்மிணி? கம்ப்யூட்டருக்கு நான் முழு ஆளு. உங்க குச்சிய எம்பேருல போடுங்க. முடிவு எம்போனுக்குத்தான வரும். எவன் எண்ணப்போறான்?"

அழைப்புக்கு முன்னாலேயே தானாகக் கேட்டு வந்ததாக எழுதி, பொற்கொடி குப்பியில் நாச்சாயியின் பெயரை ஒட்டினாள். இந்த முறை குச்சி அவள் குச்சிதான். ஐந்து சுற்று. எதற்கும் இருக்கட்டும் என்று ஆறாவது சுற்றும் சுற்றிவிட்டாள்.

பதினாறு நாள் அவள் தூங்கவில்லை. பதினேழாம் நாள் காலை தூக்குப் போசியோடு போனபோது நாச்சாயி கிரைண்டரை நிறுத்தினாள். போன் அவள் மடியில் கிடந்தது.

"வந்துருச்சு அம்மிணி."

பொற்கொடி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "இல்லன்னு வந்திருக்குதா?"

நாச்சாயி தலையை ஆட்டினாள். இல்லை என்று ஆட்டினாள். "இருக்குதுன்னுதான் போட்டிருக்குது. வயசும் போட்டிருக்குது. படிக்கட்டுமா?"

தெருவில் யாரோ மாவுக்கு வருகிற செருப்புச் சத்தம் கேட்டது. பொற்கொடி உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். இரண்டு என்றால் விட்டுவிடலாம், பத்து என்றால் டேபிள். அதற்கு மேல் எதையும் தெரிந்துகொள்ள அவளுக்குத் தைரியம் இல்லை.

"மாசம் வேண்டாங்கக்கா," என்றாள். "வருசத்த மட்டும் சொல்லுங்க."